மழையில் ஒரு மன்னார் ஒத்திகை

வேலையில் இருந்த காலத்தில் இடம்பெயர்ந்து வந்த எத்தனையோ பேருக்குக் கூடாரம் கொடுத்திருக்கிறேன். ஒன்றிலாவது படுத்ததில்லை. மன்னார் தீவில் கிராம அலுவலராக இருந்தவளுக்குக் கூடாரம் என்பது கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற சாமான், அவ்வளவுதான். ஓய்வு பெற்றபிறகு டென்மார்க் வரை பறந்துபோய், கொட்டுகிற மழையில், அதுவும் பொழுதுபோக்குக்காக அதற்குள் படுப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கூப்பிட்டவர் என் அக்காவின் கணவர், சவிரி அத்தான். அவரும் றெஜினா அக்காவும் இக்காஸ்ட் என்ற ஊரில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள். அத்தான் அங்கே துணி ஆலையில் வேலை செய்தவர். இப்போது ஓய்வில் இருக்கிறார். அக்கா முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறாள். மன்னாரில் என் வீட்டுக்குப் பக்கத்துக் காணி அத்தானுடையது. அதில் அவர் கட்டுகிற வீடு பாதியில் நிற்கிறது. அங்கேயே போய்க் குடியிருக்க வேண்டும் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். அக்கா அசையவில்லை.

“நீர் வந்து கொக்காவோட ஒருக்காக் கதையும், மெற்றில்டா. நீர் சொன்னால் கேப்பா,” என்றார் தொலைபேசியில். எங்கள் பேச்சில் கொக்கா என்றால் உன் அக்கா.

நான் சொன்ன எதையும் அக்கா சின்ன வயதிலிருந்தே கேட்டதில்லை. ஆனாலும் போனேன். எனக்கும் ஆசை இருந்தது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் கொழும்பில். அக்கா பக்கத்துக் காணிக்கு வந்துவிட்டால் மிச்சக் காலத்துக்கு ஒரு பேச்சுத்துணை கிடைக்கும்.

இக்காஸ்டில் அவர்களின் வீட்டுக்குள் நுழைந்தால் வரவேற்பறை முழுக்க ஒரு கூடாரம் விரித்துக் கிடக்கிறது. கதிரைகளைச் சுவரோடு தள்ளிவிட்டு அத்தான் நடுவில் நின்று அதற்குத் துவாயால் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

“வீடு கூரை போட்டு முடிய இன்னும் ஒரு வருசம் செல்லும். அதுவரைக்கும் எங்கடை காணியிலை ரென்ற் அடிச்சு இருப்பம். இஞ்சத்தை வெள்ளையள் லீவு விட்டால் அப்பிடித்தானே இருக்கினம்? ஒரு கிழமை கடற்கரையிலை இருந்து பழகினால் கொக்காவுக்கும் பயம் தெளிஞ்சிடும்,” என்றார்.

வெயில் தீவில் குடியேறுவதற்கு மழை நாட்டில் ஒத்திகை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திராது. கூடாரத்தைக் கண்டால் ஊரில் பலருக்குப் போர்க்காலத்து அகதிமுகாம் ஞாபகங்கள் வரும். அத்தானுக்கு அதுவும் வரவில்லை. அவர் அந்தக் காலத்துக்கு முன்பே நாட்டை விட்டு வெளியே வந்துவிட்டவர். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மறுக்கவில்லை. பிட்டுக்கு மாவும் ஒரு பெரிய பானையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை காரில் புறப்பட்டோம். மேற்குக் கரைக்குப் போகவேண்டிய கார் ஊருக்குள்ளேயே இரண்டு திருப்பம் திரும்பி, பூட்டிக்கிடந்த ஒரு பெரிய கட்டிடத்தின் வாசலில் போய் நின்றது. அத்தான் பழைய ஆலைக்கு எங்களைக் கொண்டுவந்துவிட்டார். “பழக்க தோசம்,” என்று தலையில் தட்டிச் சிரித்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா இறங்கி வந்து, “நான் ஓட்டுறன், நீங்கள் மற்றப் பக்கம் இருங்கோ,” என்றாள். அத்தான் மாறி உட்கார்ந்தார்.

முகாம் மைதானம் கடலுக்குப் பக்கத்தில், ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்தது. புல்தரையில் வரிசை வரிசையாக வெள்ளை நிற வண்டி வீடுகள். ஒவ்வொன்றின் முன்னாலும் துணிப்பந்தல், பந்தலுக்குள் மேசை, மேசையில் பூச்சாடி. இந்த நாட்டில் ஆளாளுக்கு நல்ல வீடு இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டு வந்து, பொதுக் கழிப்பறைக்குத் துவாயோடு வரிசையில் நிற்கிறார்கள். அதற்குக் காசும் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த வரிசையிலிருந்து ஆட்களை வெளியே எடுக்க நான் எத்தனை அலுவலகம் ஏறி இறங்கியிருப்பேன்!

தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் தென்கரையிலும் இப்போது அதே வெள்ளைக் கம்பங்கள்தான் நிற்கின்றன. அத்தான் அவற்றைப் படத்தில் பார்த்திருக்கிறார். “பாத்தீரோ, அச்சு மன்னார்தான்,” என்றார். அந்தக் கம்பங்களைத் தவிர மற்றதெல்லாம் வேறு. அங்கே காற்று மணலை அள்ளி வீசும். இங்கே காற்று எலும்புக்குள் போகிறது. ஆடி மாதத்தில் எனக்குப் பல்லடித்தது. அக்கா தன்னுடைய சிவப்பு மழைக்கோட்டைக் கொடுத்தாள். அந்தக் கிழமை முழுக்க நான் அதைக் கழற்றவில்லை.

கூடாரம் அடிக்கத் தொடங்கியதும் மழையும் தொடங்கியது. அத்தான் கம்பிகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எதை எதற்குள் செருகுவதென்று அவருக்குப் பிடிபடவில்லை. “கிராம அலுவலர் அம்மா சொல்லுங்கோவன்,” என்று என்னைக் கேலி செய்தார். “நான் கொடுக்கிற ஆள் மட்டுந்தான் அத்தான், அடிச்சுப் பழக்கமில்லை,” என்றேன். கடைசியில் அக்காதான் அடித்து முடித்தாள். உள்ளே துணித் தடுப்பு வைத்த இரண்டு அறைகள். ஒன்று அவர்கள் இருவருக்கும், மற்றது எனக்கு.

ஒத்திகை என்றால் முறையாக நடக்கவேண்டும் என்பது அத்தானின் கட்டளை. சூடேற்றி போடக்கூடாது, ஏனென்றால் மன்னாரில் அது இல்லை. நுளம்பு வலை கட்டவேண்டும், மன்னாரில் நுளம்பு உண்டு. அந்தக் குளிருக்கு அங்கே ஒரு நுளம்பும் வரவில்லை. சாரத்தைக் கட்டிக்கொண்டு, நனைந்த புல்லில், “இந்தக் காத்து நல்லது, இந்தக் காத்து நல்லது,” என்று அவர் நடந்து திரிந்தார். அக்காவின் காலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சோடி மேசு.

“மன்னாரிலை நாங்கள் வீட்டுக்குள்ளைதான் இருக்கிறம் அத்தான்,” என்றேன்.

“அது உங்களுக்கு. புதுசா வாற ஆக்கள் நாங்கள் பழகத்தானே வேணும்,” என்றார்.

சாப்பாட்டில் மட்டும் குறை வைக்கவில்லை. துறைமுகத்தில் கும்பளா மீன் வாங்கிக் குழம்பு வைத்தோம். அங்கே கிடைக்கிற கறுப்புப் பாண் ரொட்டிக்கு அது நன்றாகப் பொருந்துகிறது என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். இரண்டாம் நாள் மத்தியானம், நான் ஊரிலிருந்து கொண்டுபோன கருவாட்டைப் பொதுக் குசினியில் பொரித்தேன். கொஞ்ச நேரத்தில் மைதானத்துப் பொறுப்பாளர் ஓடிவந்து எரிவாயு கசிகிறதோ என்று அடுப்புக் குழாய்களைக் குனிந்து முகர்ந்து பார்த்தார். அக்கா அவருக்கு டெனிஷில் விளக்கம் சொன்னாள். அவர் சட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து, “மீனா? நிச்சயமாகவா?” என்று கேட்டாராம். கதவு சன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டுப் போனார். அந்தப் பயணத்தில் அக்கா வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மூன்றாம் நாள் கைகழுவப் போன அத்தானைக் காணவில்லை. தேடிப்போனோம். எங்களிடமிருந்து நாலைந்து வண்டி தள்ளி, கிர்ஸ்டன் என்ற ஒரு டெனிஷ் அம்மாவும் அவருடைய கணவரும் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய பந்தலுக்குள், அவர்களுடைய கதிரையில், அத்தான் கால்மேல் கால் போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கணவர் எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தார். அத்தான் அவரிடம் ஓட்டுக்கூரை நல்லதா தகரக்கூரை நல்லதா என்று தமிழில் விசாரித்துக்கொண்டிருந்தார். மனிதர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா மன்னிப்புக் கேட்டாள். கிர்ஸ்டன் கையை விரித்து, “இல்லை இல்லை, எவ்வளவு அழகான பழக்கம். நாங்கள்தான் அயலாரைப் பார்க்கப் போவதில்லை,” என்றார். திரும்பி வரும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அயல்வீட்டுக்குப் போய்க் குந்துவது நம்முடைய பண்பாடுதானே. அதை வெள்ளைக்காரி மெச்சுகிறாள் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா அத்தானின் கையைப் பிடித்து எங்கள் கூடாரத்துப் பக்கம் திருப்பினாள்.

சாப்பிட்டபின் அக்காவும் நானும் பானைச்சட்டியைத் தூக்கிக்கொண்டு கழுவும் கூடத்துக்குப் போனோம். நீளத்துக்குத் தொட்டிகள். எங்களுக்கு இருபுறமும் டெனிஷ் ஆண்கள், பிளாஸ்டிக் பேசின் நிறையக் கோப்பை கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் பெண்டாட்டிமார் பந்தலுக்குள் புத்தகம் வாசிப்பார்கள். இதை நம் ஊர் ஆண்களுக்குக் காட்டவேண்டும் என்று நான் வாயெடுத்தபோது அக்கா சட்டியைத் தேய்த்தபடியே சொன்னாள்.

“அத்தான் உன்னை ஏன் கூப்பிட்டவர் எண்டு உனக்குத் தெரியும். நான் ஏன் மறிக்கேல்லை எண்டு தெரியுமோ?”

“ஏன்?”

“அவருக்கு டெமென்ஸ். மறதி வருத்தம். டொக்டர் சொல்லி ஒரு வருசமாகுது.”

என் கையிலிருந்த அகப்பையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டேன்.

“எங்கடை ஆக்கள் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை. கோயிலடியிலை ஆரையும் பிடிச்சு ஊர்க்கதை கதைச்சுக்கொண்டு நிப்பார். சவிரி அண்ணைக்கு ஊர் ஆசை வந்திட்டுது எண்டு சிரிப்பினம். வீடு மாறி ஆரின்ரையும் வீட்டுக்குள்ளை போயிருப்பார். எங்கடை ஆக்களுக்கு அது வருத்தமோ? தேத்தண்ணி குடுத்து அனுப்புவினம். வெள்ளையளுக்கு அது பண்பாடு. எல்லாரும் ஒவ்வொரு பேர் வைச்சிருக்கினம். எனக்கு மட்டுந்தான் உண்மையான பேர் தெரியும். இருபத்தைஞ்சு வருசமா அதோடைதானே நான் வேலை செய்யிறன்.”

பக்கத்தில் நின்ற டெனிஷ்காரர் எங்கள் சவுக்காரப் போத்தலை எடுக்கலாமா என்று கேட்டார். அக்கா சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தாள்.

“டெனிஷ் கழண்டு போகுது அவருக்கு. தமிழ்தான் நிக்குது. எங்கடை இல்லத்திலை ஒரு துருக்கிக்கார அம்மா இருந்தவ. கடைசிக் காலத்திலை அவ சொன்ன ஒரு சொல்லும் எங்கள் ஒருத்தருக்கும் விளங்கேல்லை. தண்ணி கேக்கிறாவோ, பிள்ளையைக் கேக்கிறாவோ, ஒண்டும் தெரியாது. அப்பிடி ஒரு இடத்திலை இவரை விட்டிட்டு நான் வரமாட்டன்.”

“அப்ப நீயும் வாவன் மன்னாருக்கு. ரெண்டு பேருமாப் பாப்பம்.”

“எனக்கு ஏலாது.” அக்கா குழாயை மூடினாள். “பகல் முழுக்க அங்கை இதுதான். வீட்டை வந்தாலும் இதுதான். மற்றவையின்ரை தாய் தேப்பனைக் கழுவித் துடைச்சு, தீத்தி, பேச்சு வாங்கி... ஒருநாளும் ஏலாதெண்டு சொன்னதில்லை. இப்ப சொல்லுறன். எனக்கு ஏலாது, மெற்றில்டா. இந்த ஒத்திகை அவருக்குமில்லை எனக்குமில்லை, உனக்குத்தான். அவரோட ஒரு கிழமை ஒரு கூடாரத்துக்குள்ளை இருந்து பார். ஏலுமெண்டால் சொல்லு, அவரை அனுப்புறன். ஏலாதெண்டாலும் சொல்லு, கோவிக்கமாட்டன்.”

எனக்கு வந்தது இரக்கமில்லை, கோபம். பேச்சுத்துணைக்கு அக்காவைக் கூட்டிப்போகலாம் என்று வந்தவளிடம் அத்தானைக் கொண்டுபோ என்கிறாள். அதையும் என்னிடம் நேரே கேட்காமல், கருவாடு பொரிக்க விட்டு, கூத்துப் பார்க்க விட்டு, மூன்று நாள் கழித்துச் சட்டி கழுவுமிடத்தில் சொல்கிறாள். பானையைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் ஓகூஸ் நகரத்தில் இருக்கிற அவர்களின் மகள் தொலைபேசி எடுத்தாள். அக்கா தமிழில் கேட்க, மகள் டெனிஷில் பதில் சொல்ல, அத்தான் நடுவில் இருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முன்பெல்லாம் மகளோடு டெனிஷில் பகிடி விடுகிறவர். மகள் என்ன சொன்னாள் என்று பிறகு அக்காவிடம் கேட்டேன். “அப்பா ஏன் என்னோட கதைக்கிறாரில்லை எண்டு கேக்கிறாள்,” என்றாள்.

அதன்பிறகு எனக்கு அந்த மைதானம் வேறு இடமாகிவிட்டது. மழை பெய்துகொண்டேயிருந்தது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது. முகத்துக்கு நேரே விளக்குப் பிடித்ததுபோல அந்த வெளிச்சத்தில் ஒன்றையும் ஒளிக்க முடியாது. அத்தானைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கெட்ட மனிதரில்லை. கடற்கரையில் நடக்கும்போது என் பையை வாங்கித் தானே சுமந்தார். ஈரமணலில் வழுக்குமென்று கையைப் பிடித்துக்கொண்டார். நூறு அடிக்கு ஒருமுறை, “கூரைக்கு ஓடோ, தகரமோ?” என்று கேட்டார். “ஓடு” என்றேன். “அதுதான் நானும் நினைச்சனான்,” என்று ஒவ்வொரு முறையும் சந்தோசப்பட்டார்.

இவ்வளவுதானே, சமாளிக்கலாம் என்று நான் நினைத்த நாளில்தான் அது நடந்தது.

காலையில் பாண் வாங்கிக்கொண்டு, மழைக்கோட்டின் தொப்பியைப் போட்டபடி கூடாரத்துக்கு வந்தேன். அத்தான் வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. ஓடிவந்து கோட்டின் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஆரடி நீ? என்ரை மனிசியின்ரை உடுப்பை ஏன் போட்டிருக்கிறாய்? அவ எங்கை? அவவை என்ன செய்தனீ?”

சவிரி அத்தான் என்னை ஒருநாளும் ‘அடி’ போட்டுப் பேசியதில்லை. பிடித்த பிடியில் என் கை வலித்தது. பாண் புல்லில் விழுந்தது. சுற்றியிருந்த பந்தல்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கிர்ஸ்டனும் பார்த்தார். இதற்குப் பண்பாடு என்று அவராலும் பேர் வைக்கமுடியவில்லை.

நான் அக்காவைத் தேடினேன். அவள் கொஞ்சத் தூரத்தில் தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். வரவில்லை. வாளியைக் கையில் பிடித்தபடி நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. “இந்தாங்கோ, அக்காவின்ரைதான். நீங்களே குடுங்கோ,” என்றேன். அவர் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மெல்ல மெல்ல மூச்சு அடங்கியது. பிறகு நனைந்துகொண்டு நிற்கிற என்னைப் பார்த்து, “மெற்றில்டா, ஏன் மழையிலை நிக்கிறீர்? உள்ளை வாரும்,” என்றார்.

அக்கா வாளியோடு வந்தாள். “நல்லாச் செய்தாய்,” என்றாள் மெதுவாக. அந்தப் பாராட்டுக்கு அவளை அறைந்திருப்பேன். அவள் கண்ணைப் பார்த்ததும் கை எழவில்லை.

கடைசி நாள் காலையில் மழை விட்டது. கூடாரத்தைக் காயப்போட்டு மடித்துக்கொண்டிருந்தோம். அத்தான் காருக்குள் முன் ஆசனத்தில் இருந்தார். “சரி, அனுப்பு,” என்றேன். பெரிய மனது என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்த மனிதர் தெரியாத பாசைக்கு நடுவில் தண்ணி கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்தேன், வேறு பதில் வரவில்லை.

அக்கா நன்றி சொல்லவில்லை. கூடாரத் துணியின் ஒரு முனையை என் கையில் தந்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, சொல்லத் தொடங்கினாள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்துப் போகிறவர்கள் அடுத்து வருகிறவர்களுக்கு ஒவ்வொருவரையும் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார்களாம். அந்தக் குரல்தான்.

“தேத்தண்ணி சுடச்சுடக் குடுக்காதை, ஊதவேணுமெண்டது மறந்து போகும். ஞாபகமிருக்கோ எண்டு மட்டும் கேக்காதை. குளிக்க வாங்கோ எண்டால் வரமாட்டார், தண்ணி வார்த்து வைச்சிருக்கு எண்டு சொல்லு, வருவார். சட்டையை ஒழுங்காய் அடுக்கி வை, மேலை இருக்கிறதைத்தான் போடுவார். கோவம் வந்தால் வாதாடாதை. படுக்கேக்க...”

துணி இருவருக்கும் நடுவில் பாதி மடிந்தபடி நின்றது.

“படுக்கேக்க கையை நீட்டிப் பாப்பார். நான் பக்கத்திலை இருக்கிறனோ எண்டு.”

அந்த ஒன்றுக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. துணியைக் கீழே விட்டுவிட்டு அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு புல்லில் குந்திவிட்டாள். அத்தான் என்னைக் கூப்பிட்ட வேலையை அப்போதுதான் முழுமனதோடு செய்தேன். “நீயும் வா அக்கா,” என்று கெஞ்சினேன். அவள் தலையை ஆட்டினாள். “ஏலாதடி. ஏலாது.”

கார்க் கதவு திறந்து அத்தான் இறங்கி வந்தார். அழுகிற அக்காவையும் பக்கத்தில் நிற்கிற என்னையும் பார்த்தார்.

“சம்மதிச்சிட்டாவோ?” என்று என்னிடம் ஆவலோடு கேட்டார்.

“ஓம் அத்தான். சம்மதிச்சிட்டா.”

இக்காஸ்ட் போய்ச் சேருமுன் மறந்துவிடுவார் என்ற துணிவில் சொன்ன பொய் அது. அத்தான் அக்காவுக்குப் பக்கத்தில் ஈரப்புல்லில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டார். “அழாதையும். மன்னாரிலை குளிராது,” என்றார். அக்கா கையை இழுக்கவில்லை.

மழையை மறந்தார். கூடாரத்தை மறந்தார். விமான நிலையத்தில் என் பேரைத் தேடிக் கொஞ்ச நேரம் நின்றார். அந்தப் பொய்யை மட்டும் அவர் மறக்கவில்லை. தை மாதம் மகள் அவரைக் கூட்டிவந்து என்னிடம் விட்டுவிட்டுப் போவாள் என்று முடிவாகியிருக்கிறது. என் வீட்டுச் சாமியறைக்குப் பக்கத்து அறையை அவருக்கு ஒழுங்குசெய்துவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அத்தான் தொலைபேசியில் கேட்பது ஒன்றே ஒன்று: “எனக்கும் கொக்காவுக்கும் ரெண்டு கட்டிலும் போட்டாச்சோ?”

“போட்டாச்சு,” என்கிறேன். அது பொய்யில்லை, இரண்டும் போட்டிருக்கிறேன்.